தொழில்மேதை டி. வி. சுந்தரம் ஐயங்கார்

கடை ஒன்றைத் திறப்பது எளிது. அதனை நெடுங்காலம் திறந்து வைத்திருப்பது அரிது. இது வணிகர் அனைவரும் அறிந்த உண்மை. ஆண்டுதோறும் எத்தனையோ நிறுவனங்கள் தோன்றுகின்றன. அவற்றுள் பல, சில ஆண்டுகளிலேயே பெயரும் தெரியாமல் மறைந்துவிடுகின்றன. தோற்றுவித்தவர் மறைந்த பின்னும் நின்று, மகன் காலம், பேரன் காலம் என வளர்ந்து, நூறு ஆண்டுகளைக் கடந்து நிற்பவை மிகச் சிலவே. அவ்வாறு நிலைத்து நிற்பதற்குக் காரணம் யாது? பெரும்பொருளா? நல்லூழா? அரசின் ஆதரவா? இவையெல்லாம் ஓரளவுக்கு உதவலாம். ஆயினும் இவற்றினும் சிறந்த முதல் ஒன்று உண்டு. அம்முதலைக் கொண்டு தொழில் தொடங்கி, மதுரை மாநகரைத் தம் தொழிலுக்குத் தலைநகராக்கிக் கொண்ட பெருமகனார் ஒருவரின் வரலாற்றை இங்கே காண்போம். அவரே டி. வி. சுந்தரம் ஐயங்கார்.

டி. வி. எஸ். என்னும் மூன்றெழுத்தைத் தமிழ்நாட்டில் அறியாதார் இலர். சாலையில் விரையும் இருசக்கர வண்டியிலும், தொழிற்சாலையின் வாயிலிலும், பள்ளியின் முகப்பிலும் அவ்வெழுத்துகளைக் காண்கிறோம். அவை ஒரு மனிதரின் பெயரைக் குறிப்பவை என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அவற்றுள் முதலெழுத்து அவர்தம் ஊராகிய திருக்குறுங்குடியைக் குறிப்பது. இறுதி எழுத்து சுந்தரம் என்னும் அவர் பெயரைக் குறிப்பது.

திருக்குறுங்குடி, திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த அழகிய ஊர். ஆழ்வார்களால் பாடப்பெற்ற நம்பி கோயிலால் புகழ் பெற்றது. மலையிலிருந்து இறங்கி வரும் ஆறும், வயல்களும், திருவிழாக்களும் நிறைந்த அவ்வூரில், 1877ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள் சுந்தரம் பிறந்தார். இயந்திரம் என்பதைக் கண்ணாலும் காணாத ஓர் ஊரில் பிறந்த குழந்தை, பிற்காலத்தில் தென்னாட்டுச் சாலைகளில் இயந்திர வண்டிகளை ஓட்டுவிக்கும் என்று அன்று யாரே எண்ணியிருப்பர்!

அக்காலத்தில் ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞர்க்குத் திறந்திருந்த வழிகள் சிலவே. வழக்கறிஞராகலாம், அன்றேல் அரசு அலுவலகத்திலோ, இரயில்வேயிலோ, வங்கியிலோ எழுத்தராக அமரலாம். சுந்தரத்தை வழக்கறிஞராக்க வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். அத்துறையிலே தொடங்கிய அவர், பின்னர் இரயில்வேயிலும், அதன் பின் ஒரு வங்கியிலும் பணி புரிந்தார். மாதந்தோறும் தவறாது வரும் ஊதியம், ஊரார் மதிக்கும் பதவி, முதுமைக்கும் கவலையில்லை. இத்தகைய வேலை கிடைப்பதற்கே பலர் தவங்கிடந்த காலம் அது. சுந்தரம் ஐயங்காரோ அவ்வேலையைத் துறந்தார். சொந்தமாகத் தொழில் செய்ய வேண்டும் என்னும் வேட்கை அவரை அமைதியாக இருக்க விடவில்லை.

இத்துணிவின் அளவை நாம் சரியாக உணர வேண்டும். அப்போது அவர் கட்டற்ற இளைஞர் அல்லர்; மனைவியும் மக்களும் உடைய குடும்பத் தலைவர். முப்பத்து நான்காம் வயதில், அஃதாவது 1911ஆம் ஆண்டில், அவர் தம் பெயரால் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். தொழில் முறிந்திருந்தால், முறிவது அவருடைய கைப்பொருள் மட்டும் அன்று. அவரை நம்பிய குடும்பத்தின் வாழ்வும் முறிந்திருக்கும். அந்நிறுவனத்திற்கு அவர் இட்ட பெயர், டி. வி. சுந்தரம் ஐயங்கார் அண்டு சன்ஸ் என்பதாகும். மைந்தர்களையும் சேர்த்து நிறுவனத்திற்குப் பெயரிட்டதிலிருந்து, தம் வாழ்நாளோடு முடிந்துவிடும் தொழிலை அவர் கருதவில்லை என்பது விளங்கும்.

அவர் தேர்ந்த தொழில் பேருந்துப் போக்குவரத்து. இன்று நாம் பேருந்தில் ஏறுவதைப் பெரிதாக எண்ணுவதில்லை. அன்றைய நிலை வேறு. நெடுந்தொலைவு செல்ல இரயில் உண்டு. ஆனால் இருப்புப்பாதை செல்லாத ஊர்களே மிகுதி. அவ்வூர்களுக்குச் செல்வோர் கட்டைவண்டியையோ, குதிரை பூட்டிய ஜட்கா வண்டியையோ நம்பியிருந்தனர். ஏழை மக்கள் நடந்தே சென்றனர். தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே ஏறத்தாழ 36 மைல் தொலைவு. மாட்டுவண்டி மணிக்கு இரண்டு அல்லது மூன்று மைல் செல்லும். மாடுகளுக்கு ஓய்வும் தீனியும் தந்து சென்றால், ஓர் இரவும் ஒரு பகலும் வழியிலேயே கழிந்துவிடும். அந்நாளில் தனிச் சமஸ்தானமாக விளங்கிய புதுக்கோட்டைக்கு 1929ஆம் ஆண்டு வரையில் இரயில் வரவில்லை. இவ்விரு நகரங்களுக்கு இடையேதான் சுந்தரம் ஐயங்கார் 1912ஆம் ஆண்டில் பேருந்து விட்டார். ஒரு நாட் பயணம் சில மணி நேரப் பயணமாயிற்று.

இதனை இன்று எழுதுவது எளிது. அன்று செய்வது எளிதாக இருந்திருக்க முடியாது. வண்டிகள் கடல் கடந்து வந்தன. அவற்றின் உறுப்பு ஒன்று பழுதுபட்டால், மாற்று உறுப்பும் கப்பலில்தான் வர வேண்டும். பெட்ரோல் தகரக் கலங்களில் அடைத்து விற்கப்பட்டது. வண்டியைச் செப்பனிடத் தெரிந்தவரும் ஓட்டத் தெரிந்தவரும் அரியர். சாலைகளோ மாட்டுவண்டிகளுக்காக அமைந்தவை. கோடையில் புழுதியும் மழையில் சேறுமாய்க் கிடந்தவை. எல்லாவற்றிற்கும் மேலாக, உறுமிக்கொண்டும் புகை கக்கிக்கொண்டும் செல்லும் இப்புதிய வண்டியில் நம்பி ஏறலாமா என்னும் ஐயம் மக்கள் உள்ளத்தில் இருந்தது. அவ்வையத்தைப் போக்குவதே அவருடைய முதற்பெரும் பணியாயிற்று.

பின்னர் அவருடைய தொழிலுக்கு மதுரை நடுவிடமாயிற்று. அது மிகப் பொருத்தமான இடமே. மதுரை வெறும் கோயில் நகரம் அன்று. தென்பாண்டிச் சீமையின் பெருஞ்சந்தை. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும், திண்டுக்கல்லிலிருந்தும், மேலூரிலிருந்தும், செட்டிநாட்டிலிருந்தும், இராமநாதபுரத்திலிருந்தும் வரும் சாலைகள் அனைத்தும் அங்கே வந்து கூடுகின்றன. 1892ஆம் ஆண்டில் அங்கே பெரிய நூற்பாலை ஒன்று எழுந்தது. 1895இல் முல்லைப் பெரியாற்று அணை முடிந்து, மலைக்கு அப்பால் ஓடிய நீர் வைகைக்குத் திரும்பியதால், வறண்டு கிடந்த சமவெளியில் நெல் விளையலாயிற்று. விளைபொருள் மிகுந்தால் வாணிகம் மிகும். வாணிகம் மிகுந்தால் மக்கள் நடமாட்டம் மிகும். வயலும் ஆலையும் கோயிலும் சந்தையும் ஒருங்கே அழைத்த மக்களை ஏற்றிச் செல்ல வண்டிகள் வேண்டியிருந்தன. இத்தேவையைச் சுந்தரம் ஐயங்கார் நன்கு உணர்ந்தார்.

பேருந்துத் தொழிலில் அவர் ஒருவரே இருந்தாரல்லர். வேறு பலரும் வண்டிகள் வாங்கி ஓட்டினர். ஆனால் அந்நாளில் பொதுவாக இருந்த வழக்கம் ஒன்றுண்டு. வண்டி நிறையும் வரையில் புறப்படுவதில்லை என்பதே அவ்வழக்கம். பத்துப் பேர் அமர்ந்த பின்னும் இன்னும் நால்வருக்காக வண்டி காத்து நிற்கும். முதலில் ஏறியவர் பொறுமை இழப்பார், இறங்கிப் போவார், மீண்டும் ஏறுவார். எப்போது புறப்படும், எப்போது சேரும் என்பதை ஒருவராலும் சொல்ல முடியாது. வண்டிக்கு உரியவர் பார்வையில் இதுவே கணக்கறிந்த செயல். ஓர் இடம் வெறுமையாகச் சென்றால் ஓர் ஆள் கட்டணம் நட்டம் அல்லவா?

சுந்தரம் ஐயங்கார் இக்கணக்கை மாற்றிப் போட்டார். குறித்த நேரத்தில் வண்டி புறப்பட வேண்டும். குறித்த நேரத்தில் சேர வேண்டும். ஏறியிருப்போர் பலராயினும் சிலராயினும் இதில் மாற்றமில்லை என்பதே அவர் வகுத்த நெறி. வெறும் இடங்களோடு வண்டி செல்லும்போது அன்றைய வருவாய் குறையும் என்பதை அவர் அறியாதவர் அல்லர். ஆனால் அக்குறைவுக்கு ஈடாக ஒன்று வளர்ந்து வருவதை அவர் கண்டார். நேரத்தில் புறப்படும் வண்டி என்று அறிந்த பின், நீதிமன்றத்துக்குச் செல்பவரும், இரயிலைப் பிடிக்க விரும்புபவரும், நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவரும், சந்தைக்குச் சரக்குக் கொண்டு செல்பவரும் அவ்வண்டியையே நாடினர். இன்று வெறுமையாகச் சென்ற இடம், நாளை தானே நிறைந்தது. மக்கள் நம்பிக்கையே அவர் சேர்த்த முதல். பொன்னும் பணமும் செலவிடச் செலவிடக் குறையும். நம்பிக்கையாகிய முதலோ பயன்படுத்தப் பயன்படுத்த வளரும்.

டி. வி. எஸ். பேருந்து கடந்து செல்வதைக் கண்டு மக்கள் தம் கடிகாரத்தைத் திருத்திக் கொள்வர் என்று மதுரை வட்டாரத்து முதியோர் சொல்லுவது வழக்கம். கடிகாரம் இல்லாத சிற்றூர்களில் வண்டியே கடிகாரமாயிற்று என்றும் கூறுவர். ஒரு தனியார் வண்டிக்குக் கிடைக்கக்கூடிய பாராட்டு இதனினும் பெரிதாக வேறு ஒன்று உண்டோ?

நேரம் தவறாமை என்பது ஓட்டுநரை விரைவுபடுத்துவதனால் மட்டும் வருவதன்று. வழியில் வண்டி நின்றுவிட்டால் எல்லாம் பாழ். எனவே பழுது வந்த பின் பார்ப்பதைவிடப் பழுது வாராமல் காப்பதே முறை என்னும் கொள்கை அவர் நிறுவனத்தில் வேரூன்றியது. சிறு செய்தி ஒன்றால் இதனை விளக்கலாம். அக்காலச் சாலைகளில் மாட்டுவண்டிகளே மிகுதி. மாடுகளின் குளம்புகளில் அடித்த லாடங்களிலிருந்து ஆணிகள் கழன்று சாலையில் விழும். அவை பேருந்தின் டயரில் ஏறும், காற்று இறங்கும், பயணிகள் நடுவழியில் நிற்பர். இதனைத் தவிர்ப்பதற்காகப் பெரிய காந்தம் பொருத்திய வண்டி ஒன்றைச் சாலையில் முன்னதாக ஓட்டி, கிடந்த ஆணிகளையெல்லாம் திரட்டி எடுக்கச் செய்தார் சுந்தரம் ஐயங்கார் என்பது இன்றும் மதுரையில் வழங்கும் செய்தி. சாலை அவருடையது அன்று. ஆணியும் அவருடையது அன்று. ஆயினும் பயணிக்குக் கொடுத்த வாக்கு அவருடையது. ஆகவே அவ்வாக்குக்கு இடையூறாக வரும் எதனையும் தம் பொறுப்பு என்றே அவர் கருதினார்.

இவ்வாறு ஒரு பொறுப்பிலிருந்து இன்னொரு தொழில் கிளைத்தது. வண்டி நிற்காமல் ஓட மாற்று உறுப்புகள் கையிருப்பில் இருக்க வேண்டும். உறுப்புகளை வரவழைத்து வைத்துத் தம் வண்டிகளுக்குப் பயன்படுத்தியவர், பிறருக்கும் அவற்றை விற்கத் தொடங்கினார். மதராஸ் ஆட்டோ சர்வீஸ் என்னும் நிறுவனம் எழுந்தது. டயர்கள் விரைவில் தேய்ந்தன. தேய்ந்த டயரின் மேல் புதிய ரப்பரைப் பதித்து மீண்டும் ஓடச் செய்யும் தொழிற்சாலை எழுந்தது. வண்டிகளைத் தேர்ந்து வாங்கிப் பழகியவர், வண்டிகளை விற்பவரும் ஆனார். சுந்தரம் மோட்டார்ஸ் எழுந்தது. அமெரிக்க நாட்டு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வண்டிகளை விற்பதில் 1950ஆம் ஆண்டுகளில் அவருடைய நிறுவனம் முதலிடம் பெற்று விளங்கியது. பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் சதர்ன் ரோட்வேஸ் என்னும் பெயரில் ஓடின.

இதில் நாம் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. கண்ணில் பட்ட தொழிலையெல்லாம் அவர் பற்றிக் கொள்ளவில்லை. ஒரே மரத்தின் கிளைகளைப் போல, அவருடைய தொழில்கள் யாவும் சாலையில் ஓடும் வண்டி என்னும் ஒன்றிலிருந்தே கிளைத்தன. தமக்கு நன்கு தெரிந்த துறையிலிருந்து அடுத்த படிக்கு ஏறினார்; தெரியாத துறையில் தாவவில்லை. அதனால் ஒரு தொழிலில் பெற்ற அறிவு அடுத்த தொழிலுக்கு முதலாயிற்று.

இரண்டாம் உலகப்போர் அவருடைய ஆற்றலுக்கு ஒரு பெருஞ்சோதனையாக வந்தது. 1939ஆம் ஆண்டில் தொடங்கிய அப்போர், ஆறு ஆண்டுகள் நீடித்தது. பெட்ரோல் போர்முனைக்குச் சென்றது; நாட்டில் மிஞ்சியது பங்கீட்டு அளவில்தான் கிடைத்தது. எண்ணெயின்றி வண்டி ஓடுவது எங்ஙனம்? பேருந்துகளை நிறுத்திவிட்டுப் போர் முடியும் வரையில் காத்திருப்பது ஒரு வழி. அவ்வழியைச் சுந்தரம் ஐயங்கார் நாடவில்லை. நாட்டில் எளிதாகக் கிடைக்கும் மரக்கரியைக் கொண்டு வண்டியை ஓட்டும் கருவி ஒன்றை உருவாக்கச் செய்தார். அதுவே டி. வி. எஸ். வாயுக்கலம் எனப் பெயர் பெற்றது.

அக்கருவியின் இயக்கம் அறியத்தக்கது. உருளை வடிவான இரும்புக் கலத்தில் மரக்கரியை இட்டு எரிப்பர். அது முழுமையாக எரிந்து சாம்பலாவதற்குப் போதிய காற்றை உள்ளே விடாமல், குறைந்த காற்றையே செலுத்துவர். அவ்வாறு எரியும்போது தீப்பற்றக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகும். அதனைக் குளிர்வித்து, தூசியும் சாம்பலும் நீங்க வடிகட்டி, காற்றோடு கலந்து இயந்திரத்துள் செலுத்தினால், பெட்ரோலுக்குப் பதிலாக அது நின்று இயந்திரத்தை இயக்கும். பெட்ரோலைப்போல் அத்துணை ஆற்றல் அதற்கில்லை. மேட்டில் ஏற வண்டி திணறும். புறப்படுவதற்கு நெடுநேரம் முன்னதாகவே கரியை மூட்டிவைக்க வேண்டும். ஆயினும் வண்டி ஓடியது. கரி பஸ் என்று மக்கள் அழைத்த அவ்வண்டிகள், போர்க்காலம் முழுவதும் ஊரையும் ஊரையும் பிரிந்துவிடாமல் இணைத்தன. இடையூறு வரும்போது காரணம் சொல்வோர் பலர்; வழி காண்போர் சிலர். சுந்தரம் ஐயங்கார் அச்சிலருள் ஒருவர்.

நிறுவனம் என்பது கட்டடமும் வண்டியும் மட்டும் அன்று. அதில் உழைக்கும் மக்களே நிறுவனம். ஓட்டுநர், நடத்துநர், பட்டறைத் தொழிலாளி ஆகிய ஒவ்வொருவரிடமும் ஒழுங்கை அவர் எதிர்பார்த்தார். அவ்வொழுங்கிற்கு ஏற்ற பாதுகாப்பும் கிடைக்கும் என்னும் நம்பிக்கை தொழிலாளரிடம் நிலவியது. டி. வி. எஸ். நிறுவனத்தில் வேலை கிடைத்தால் வாழ்க்கைக்குக் கவலையில்லை என்று மதுரைக் குடும்பங்கள் எண்ணின. தந்தை பணியாற்றிய இடத்தில் மகனும் வந்து பணியாற்றினான். மதுரையில் டி. வி. எஸ். நகர் என்னும் குடியிருப்புப் பகுதியும், அப்பெயர் தாங்கிய பள்ளியும், அவரும் அவர்தம் மனைவியாரும் ஆகிய இருவர் பெயரையும் சேர்த்து விளங்கும் இலட்சுமி சுந்தரம் மண்டபமும் அந்நிறுவனம் அந்நகரோடு கொண்ட உறவுக்குச் சான்றாக நிற்கின்றன.

அவருடைய இல்லற வாழ்விலும் ஒரு பெருஞ்சோதனை நேர்ந்தது. அவருடைய மகளார் சௌந்தரம், 1904ஆம் ஆண்டில் பிறந்தவர். அக்கால வழக்கப்படி இளம்பருவத்திலேயே அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. மருத்துவராகிய கணவர் சில ஆண்டுகளில் பிளேக்கு நோய்க்கு இரையானார். கைம்பெண்ணான இளநங்கை வீட்டின் மூலையில் முடங்கிக் கிடக்க வேண்டும் என்பது அன்றைய சமூகத்தின் கொடிய நியதி. ஆசாரம் மிக்க குடும்பத்தைச் சேர்ந்த சுந்தரம் ஐயங்காரும் இலட்சுமி அம்மையாரும் தம் மகளை அவ்வாறு முடக்கவில்லை. மருத்துவக் கல்வி பயிலத் தில்லிக்கு அனுப்பினர். அவர் 1936ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் அவர், காந்தியடிகளின் தொண்டராகிய ஜி. இராமச்சந்திரனை மறுமணம் செய்துகொள்ள விரும்பியபோது, பெற்றோர் எளிதில் இசைந்தாரல்லர். காலத்தை முந்தி ஓரடி வைத்த தந்தைக்கும் அடுத்த அடி கடினமாகவே இருந்தது. எனினும் 1940ஆம் ஆண்டில் காந்தியடிகளின் முன்னிலையில் அத்திருமணம் நிகழ்ந்தது. 1947ஆம் ஆண்டில் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே, சின்னாளபட்டிக்கு அருகில், காந்திகிராமத்தை நிறுவி ஏழை மக்களுக்குக் கல்வியும் மருத்துவமும் அளித்த டாக்டர் சௌந்தரம் அம்மையார் இவரே. நடுவண் அரசில் கல்வித் துணையமைச்சராகவும் அவர் பணியாற்றினார். தந்தை தொடங்கிய நிறுவனம் வண்டிகளால் ஊர்களை இணைத்தது; மகள் தொடங்கிய நிறுவனம் தொண்டினால் ஊர்களை உயர்த்தியது.

ஆண் மக்களை அவர் வளர்த்த முறையும் குறிப்பிடத்தக்கது. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பலர், தந்தை தேடிய பொருளைச் செலவிடுவதற்கே பிறந்தவர்போல் வாழ்வதுண்டு. சுந்தரம் ஐயங்காரின் மைந்தர்களோ தொழிலின் பொறுப்பை ஏற்று நடத்தினர். இராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா ஆகியோர் ஒவ்வொரு துறையைப் பேணி வளர்த்தனர். தந்தையார் உயிரோடிருந்த காலத்திலேயே பொறுப்பு மக்கள் கைக்கு மாறியது. இதனால், தலைவர் மறைந்த நாளில் தடுமாறும் நிலை அந்நிறுவனத்திற்கு நேரவில்லை. 1954ஆம் ஆண்டில் சந்தானம் அவர்கள், சரக்கு வண்டி வாங்க விரும்பும் எளியவர்களுக்குத் தவணை முறையில் பணம் உதவும் சுந்தரம் பைனான்ஸ் நிறுவனத்தை இரண்டு இலட்சம் ரூபாய் முதலுடன் தொடங்கினார். அதுவும் அதே மரத்தின் கிளைதான்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1955ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 28ஆம் நாள், சுந்தரம் ஐயங்கார் கொடைக்கானலில் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு வயது எழுபத்தெட்டு. ஒரு சிற்றூரில் பிறந்தவர், தென்னாட்டின் பெருந்தொழிலதிபர்களுள் ஒருவராக மறைந்தார்.

ஆனால் அவர் கட்டிய நிறுவனத்தின் உண்மையான வலிமை, அவர் மறைந்த பின்னரே வெளிப்பட்டது. 1960ஆம் ஆண்டுகளில் அவருடைய வழியினர் வணிகத்தோடு நில்லாமல் உற்பத்தித் துறையில் இறங்கினர். சென்னையை அடுத்த பாடியில் சக்கரங்களும், தடைக் கருவிகளும், மின்கருவிகளும், திருகாணிகளும் செய்யும் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. முன்பு கப்பலில் வந்த உறுப்புகள் இங்கேயே செய்யப்பட்டன.

பிறகு வந்தது பெருஞ்சோதனை. பேருந்துப் போக்குவரத்து மக்களின் உடைமையாக வேண்டும் என்று தமிழ்நாட்டு அரசு முடிவு செய்தது. 1972ஆம் ஆண்டில் டி. வி. எஸ். பேருந்துகள் அரசுடைமையாயின, அவற்றைக் கொண்டு மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் அமைந்தது. அறுபது ஆண்டுகளாக எத்தொழிலால் அக்குடும்பம் புகழ் பெற்றதோ, அத்தொழிலே கையைவிட்டுச் சென்றது. வேரே பறிக்கப்பட்டது போன்ற நிலை அது. வேறொரு நிறுவனமாயின் அத்துடன் வீழ்ந்திருக்கக்கூடும். டி. வி. எஸ். வீழவில்லை. ஏன்? பேருந்துகள் சென்றன, பேருந்துகளை ஓட்டியபோது கற்ற ஒழுங்கு செல்லவில்லை. வண்டிகளை ஒருவர் எடுத்துக் கொள்ளலாம்; வாக்குத் தவறாமை என்னும் பண்பை எவரும் எடுத்துக் கொள்ள இயலாது. அப்பண்பு புதிய தொழிற்சாலைகளில் பிழையற்ற உற்பத்தியாக மீண்டும் தளிர்த்தது.

அதன் பின்னும் அம்மரம் கிளை விட்டது. 1980ஆம் ஆண்டில் ஓசூரிலிருந்து வெளிவந்த சிறிய இருசக்கர வண்டி, உழவரும் பால்காரரும் சிறுவணிகரும் விரும்பி வாங்கும் வண்டியாயிற்று. மதுரைக்கு அருகில் மேலூர் வட்டத்தில் டயர்த் தொழிற்சாலை ஒன்றும் அமைந்தது. பொருள்களின் தரத்திற்காக ஜப்பான் நாட்டினர் வழங்கும் டெமிங் பரிசை, பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன் தடைக்கருவிப் பிரிவு 1998ஆம் ஆண்டில் பெற்றது. 2011ஆம் ஆண்டில் சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய நிறுவனம் நூறாண்டை நிறைவு செய்தது. நான்கு தலைமுறைகளாகப் பெருகிய குடும்பத்தார், 2020ஆம் ஆண்டின் இறுதியில் நிறுவனங்களின் உரிமையைத் தத்தம் கிளைகளுக்கு வகுத்துக் கொள்ள உடன்பாடு செய்தனர். மரபும் பெயரும் தொடர்கின்றன.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் படிப்பினை யாது? பெரிய நிறுவனத்தை அமைப்பவர் பெரிய செயல்களையே நாள்தோறும் செய்வார் என்று நாம் எண்ணுகிறோம். சுந்தரம் ஐயங்காரின் வாழ்க்கை வேறு விதமாகக் கற்பிக்கிறது. ஒரு வண்டியைச் சொன்ன நேரத்தில் புறப்படச் செய்வது சிறிய செயல். அதனை ஒரு நாள் செய்வதும் எளிது. ஆனால் மழையிலும் வெயிலிலும், ஆள் நிறைந்தபோதும் குறைந்தபோதும், எண்ணெய் இருந்தபோதும் இல்லாதபோதும், ஆண்டுக்கணக்காக அதனைத் தவறாமல் செய்வது பெருஞ்செயல். சிறிய வாக்குகளை நெடுங்காலம் காத்தவர் அவர். ஆதலால் அவர் நிறுவனம் நெடுங்காலம் நிலைத்தது.

அதிகாலையில் மதுரைப் பேருந்து நிலையத்திலிருந்து எண்ணற்ற வண்டிகள் இன்றும் புறப்பட்டுச் செல்கின்றன. அவற்றின் உரிமையாளர் மாறினர், உருவம் மாறியது, வேகம் மாறியது. ஆயினும் பலகையில் எழுதிய நேரத்தைப் பார்த்துவிட்டு, வண்டி வந்துவிடும் என்னும் நம்பிக்கையோடு ஒரு பயணி நிற்கும் ஒவ்வொரு முறையும், அந்நம்பிக்கையை இம்மண்ணில் விதைத்தவர்களுள் ஒருவரான திருக்குறுங்குடிச் சுந்தரம் ஐயங்காரின் நினைவு நமக்கு வருதல் தகும். நாமும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பணி எத்துணைச் சிறியதாயினும், சொன்ன நேரத்தில் சொன்ன வண்ணம் செய்து முடிக்கப் பழகுவோமாக. நிலைத்த வாழ்வுக்கு அதுவே முதல்.